டான்ஸ் மூவ்மென்ட் தெரபியே இல்லாத நாட்டில் அதை ஒரு தொழிலாக நிறுத்துவது: முதலில் எதைச் செய்வது?

புதுத்தடம்:

நிலைமை இதுதான். நாட்டில் டான்ஸ் மூவ்மென்ட் தெரபி (டி.எம்.டி., நடனத்தையும் உடலசைவையும் கொண்டு செய்யும் உளசிகிச்சை) என்று ஒரு தொழிலே கிடையாது. சங்கம் இல்லை, படிப்பு இல்லை, பட்டப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. வெளிநாட்டில் முதுநிலை முடித்துத் திரும்பியவர்கள் மூன்று பேர். ஆர்வமுள்ள நடனக் கலைஞர்கள் நிறைய. ஒரு மனநல மருத்துவமனை "வாங்க, பேசலாம்" என்கிறது.

மூன்று யோசனைகள் ஓடுகின்றன. ஒன்று, முதலில் சங்கத்தைப் பதிவு செய்துவிடுவது. இரண்டு, ஓராண்டு டிப்ளமோ தொடங்கி ஆள் சேர்ப்பது. மூன்று, நேரே சுகாதார அமைச்சகத்தில் மனு கொடுப்பது. எது முதலில்? எது எங்கே உடையும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

வார்டு_நாற்காலி:

மூன்றும் முதலில் வேண்டாம். வார்டுக்குள் ஒரு வேலை, அதற்கு மருத்துவமனை பட்ஜெட்டில் ஓர் ஒதுக்கீடு. அதுதான் முதலில்.

இந்தத் துறையின் முன்னோடியான மரியன் சேஸ் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் 1942இல் தொடங்கினார். அமெரிக்க டான்ஸ் தெரபி சங்கம் வந்தது 1966இல். அவரே முதல் தலைவர். நடுவில் 24 வருடம். நீங்களும் 24 வருடம் காத்திருக்கணும் என்று சொல்லவில்லை. ஆனால் வரிசை அதுதான். சங்கம் பிறந்தபோது அதில் சேர, ஏற்கெனவே வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். ஆளே வேலையில் இல்லாமல் சங்கம் தொடங்கினால் மூன்று பேருக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் பதவி கிடைக்கும், அவ்வளவுதான்.

"பேசலாம்" என்கிற மருத்துவமனைக்கு ஒரு முன்னோட்டத் திட்டத்தோடு போங்க. ஒரு பக்கத்தில் அடங்கணும். 8 பேர் கொண்ட மூடிய குழு (நடுவில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை), வாரம் ஒரு முறை, 60 நிமிடம், 12 வாரம். அதே நாள், அதே நேரம், அதே அறை, கூடவே வார்டைச் சேர்ந்த ஒரே நர்ஸ். கடைசி நிபந்தனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். டியூட்டியில் இருக்கிற நர்ஸ் வரட்டும் என்று விட்டால் 12 வாரத்தில் ஏழெட்டு முகங்கள் வந்து போகும், குழு ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்கும்.

நிர்வாகம் கேட்கப்போகிற கேள்விகள் எப்போதும் ஒன்றேதான். நோயாளிக்கு மருத்துவப் பொறுப்பு யாருடையது? தெரபிஸ்ட் யாரிடம் ரிப்போர்ட் செய்வார்? குறிப்பு எந்தக் கோப்பில் போகும்? யாராவது விழுந்தால், அல்லது கட்டுப்பாடு இழந்தால் என்ன நடைமுறை? தொழில்முறைக் காப்பீடு இருக்கிறதா? இந்த ஐந்துக்கும் பதில் அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தால், "நடனம்" என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவர்களும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இலவசமாகச் செய்து காட்டுகிறோம் என்று மட்டும் போகாதீங்க. முன்னோட்டத்துக்குக்கூட ஒரு தொகை, சிறியதானாலும், மருத்துவமனைக் கணக்கிலிருந்து வரட்டும். இலவசமாக வந்தது அடுத்த ஆண்டு பட்ஜெட் கூட்டத்தில் பேச்சுக்கே வராது. இருந்தாலும் போனாலும் யாருக்கும் தெரியாது.

எழிலி:

அதோடு அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனைகள் முதலில் தருவது பிசியோதெரபி கூடம், அல்லது சாப்பாட்டு அறை.

ஆளுக்கு நான்கு சதுர மீட்டராவது கணக்கு வையுங்கள். 8 பேரோடு தெரபிஸ்டும் நர்ஸும் சேர்ந்தால் 40 சதுர மீட்டர். மிகப் பெரிய கூடமும் சிக்கல்தான்: கடும் நிலையில் இருப்பவர்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள், வட்டம் உருவாகாது. நாற்காலிகளை வைத்தே எல்லையைச் சுருக்கிக்கொள்ளலாம். நாற்காலிக்குச் சக்கரம் கூடாது. சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தால் திரை போட்டு மூடுங்கள். சைக்கோசிஸ் உள்ளவருக்கும் உணவுக் கோளாறு உள்ளவருக்கும் அது வேறு கதையைத் தொடங்கிவிடும். கதவின் கண்ணாடியை முழுக்க மறைக்கக் கூடாது, பாதுகாப்புக்காக வெளியிலிருந்து ஒரு பார்வை வேண்டும். ஆனால் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று வேடிக்கை பார்க்காதபடி பாதிவரை மறைக்கலாம்.

பொருட்கள்: மென்மையான பந்துகள், நீட்சித் துணி, சின்னத் துணித் துண்டுகள், ஒரு ஸ்பீக்கர். கடும் நிலை வார்டில் நீளமான துப்பட்டா, கயிறு, ரிப்பன் எதுவும் உள்ளே போகக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ள வாய்ப்புள்ள எதையும் பாதுகாப்பு ஊழியர் அனுமதிக்க மாட்டார், அனுமதிக்கவும் கூடாது. உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒவ்வொரு முறையும் எழுதப்பட வேண்டும். துணிகளைத் துவைப்பது யார் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தொற்றுத் தடுப்புக் குழு இதை ஒருநாள் கேட்டே தீரும்.

வார்டு_நாற்காலி:

எழிலி சொன்னதோடு மருந்து விஷயத்தையும் சேர்க்கணும். நடனப் பின்னணியிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஆன்டிசைக்காட்டிக் (சைக்கோசிஸுக்குக் கொடுக்கும்) மருந்துகள் சிலவற்றால் எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். தரையில் படுத்துச் செய்யும் அசைவிலிருந்து "இப்போ எல்லாரும் எழுந்திருங்க" என்றால் ஒருவராவது தடுமாறுவார். அதனால் நாற்காலியில் தொடக்கம், மெதுவாக எழுதல், எழுந்த பிறகு ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே எடை மாற்றுதல். தரைப் பயிற்சி முதல் நான்கு வாரத்துக்கு வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்கு நாடித்துடிப்பை வைத்து களைப்பை அளக்க முடியாது. மூச்சு வாங்குகிறதா, பேச முடிகிறதா என்று பாருங்க. அகதிசியா என்கிற மருந்துப் பதற்றம் உள்ளவர் ஓரிடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றிக்கொண்டே இருப்பார். அதை "நல்ல எனர்ஜி" என்று எடுத்துக்கொண்டு தாளத்தை வேகப்படுத்தினால் அவருடைய அவஸ்தையைத்தான் கூட்டுகிறோம்.

நேரம் குறிக்கும்போது மருந்து கொடுக்கும் வேளை, சாப்பாடு, பார்வையாளர் நேரம், டாக்டர் ரவுண்டு நான்கையும் வார்டு இன்சார்ஜிடம் கேட்டுவிட்டுக் குறியுங்க. கேட்காமல் குறித்தால் நடுவில் ஒவ்வொருத்தராக வெளியே அழைக்கப்படுவார்கள். அது வார்டின் தப்பு இல்லை.

சந்தேகப்பிராணி:

எல்லாம் சரி. மருத்துவமனை "ஆதாரம் எங்கே?" என்று கேட்குமே, அப்போது என்ன சொல்வதாக உத்தேசம்? இந்தத் துறையில் ஆதாரத்தைப் பெரிதாக்கிச் சொல்லும் பழக்கம் உண்டு, அதனால் கேட்கிறேன்.

மனச்சோர்வுக்கான டி.எம்.டி. பற்றி 2015இல் வந்த, மருத்துவ ஆதாரங்களைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பில் தேறியவை மூன்றே ஆய்வுகள், மொத்தம் 147 பேர். முடிவு: உறுதியாக எதையும் சொல்லப் போதாது. 2019இல் கோக்கும் சகாக்களும் செய்த மெட்டா பகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) 41 ஆய்வுகள். பதற்றம், மனச்சோர்வு, வாழ்க்கைத் தரம் எல்லாவற்றிலும் பலன் தெரிந்தது உண்மைதான். ஆனால் அந்த 41இல் ஏறக்குறைய பாதி தெரபி அல்ல, நடனப் பயிற்சி. இரண்டையும் கலந்து "41 ஆய்வுகள் நிரூபித்தன" என்று ஸ்லைடு போட்டால், கூட்டத்தில் ஒரே ஒரு டாக்டர் அதைப் படித்திருந்தால் போதும், கதை முடிந்தது.

இன்னொன்று. ஸ்கிசோஃப்ரீனியாவின் எதிர்மறை அறிகுறிகளுக்கு (ஒதுங்கியிருத்தல், உணர்ச்சி மங்குதல் போன்றவை) உடல்சார் உளசிகிச்சையை பிலாட்டிஸ் உடற்பயிற்சியோடு ஒப்பிட்டு பிரிட்டனில் பெரிய சோதனை நடந்தது. 275 பேர், 10 வாரத்தில் 20 அமர்வு. 2016இல் முடிவு வந்தது: பிலாட்டிஸைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. டி.எம்.டி.க்கு மிக நெருங்கிய முறை இது. இதை மறைத்துவிட்டுப் பேசினால் பிறகு யாராவது எடுத்துக்காட்டும்போது வாயடைத்து நிற்க வேண்டிவரும்.

எழிலி:

சந்தேகப்பிராணி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அந்த 2016 சோதனையை நீங்களே முதலில் எடுத்து மேசையில் வையுங்கள் என்றுகூடச் சொல்வேன். அதன் பிறகு நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்புவார்கள்.

புதுத்தடம்:

அப்படியென்றால் எதை அளப்பது? 8 பேரை வைத்து என்ன நிரூபிக்க முடியும்?

சந்தேகப்பிராணி:

எதையும் நிரூபிக்க முடியாது, முயலவும் வேண்டாம். 8 பேரில் சராசரி எடுத்து, புள்ளியியல்படி முக்கியமான முடிவு என்று நட்சத்திரக் குறி போடுவது வெறும் அலங்காரம்.

எண்ணக்கூடியதை எண்ணுங்கள். 12 அமர்வில் ஒவ்வொருவரும் எத்தனைக்கு வந்தார், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் (டிஸ்சார்ஜ் வேறு, மறுப்பு வேறு, உடல்நிலை வேறு), விழுதல் போன்ற சம்பவங்கள் எத்தனை, டாக்டர்களிடமிருந்து புதிதாகப் பரிந்துரை எத்தனை வந்தது. இதே நோயாளிகள் வார்டின் மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு வருகிறார்கள் என்பதையும் பக்கத்தில் வையுங்கள். பேச்சுக் குழுவுக்கே வராதவர் இங்கே ஒழுங்காக வருகிறார் என்றால், நிர்வாகம் கவனிக்கும் எண் அதுதான்.

அளவுகோல் வேண்டுமென்றால் மனச்சோர்வுக்கு பி.ஹெச்.க்யூ-9 (நோயாளியே நிரப்பும் ஒன்பது கேள்விப் படிவம்) போதும், உள்ளூர் மொழியில் சரிபார்க்கப்பட்ட பதிப்பு இருந்தால் மட்டும். முன், பின், மூன்று மாதம் கழித்து. நோயாளி படிவத்தை நிரப்பும்போது தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவரை மகிழ்விக்கவே நல்ல எண் போடுவார்கள். மதிப்பீட்டாளர் தரும் அளவுகோல் என்றால் அதைக் குழுவை நடத்தாத ஒருவர் செய்யட்டும். அசைவைக் கவனித்துக் குறிக்கும் முறைகளான லாபான் அசைவுப் பகுப்பாய்வு, கெஸ்டன்பெர்க் புரொஃபைல் இரண்டையும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், விளைவுக்கான ஆதாரமாக நீட்டாதீர்கள். எந்த அசைவு இயல்பு, எது ஒதுங்கல், எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது மரியாதை என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஓரிடத்தில் வகுத்த அளவை இன்னோரிடத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

வார்டு_நாற்காலி:

குறிப்பு எழுதுவதையும் இதோடு சேர்த்துக்கணும். ஒரு புதுத் தொழிலை வார்டு ஏற்றுக்கொள்வதும் ஏற்காததும் பெரும்பாலும் கோப்பில் எழுதும் நாலு வரியில்தான்.

"நோயாளி உற்சாகமாகப் பங்கேற்றார். தன்னை வெளிப்படுத்தினார்." இதில் டாக்டருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

இப்படி எழுதுங்க: "முதல் 15 நிமிடம் நாற்காலியில், முழங்கைகள் விலாவோடு ஒட்டியபடி. பந்து உருட்டும்போது எதிரில் இருந்தவரை இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். தானாக எழுந்து 6 நிமிடம் நின்றார். நடக்கையில் இரு கைகளின் வீச்சும் போன வாரத்தைவிடக் குறைவு." கடைசி வரியைப் பார்த்ததும் டாக்டர் மருந்துச் சீட்டைப் புரட்டுவார், பக்கவிளைவா என்று. இதுபோல ஒன்றிரண்டு தடவை நடந்தால் போதும், அடுத்த கேஸ் மீட்டிங்குக்கு உங்களையும் கூப்பிடுவார்கள்.

கண்ணில் பட்டது முதலில், உங்கள் கருத்து தனி வரியில், "எனக்குத் தோன்றுவது" என்ற அடையாளத்தோடு. லாபான் கலைச்சொற்கள் மேற்பார்வைக் குறிப்பேட்டில் இருக்கட்டும். நர்ஸ் படிக்கும் கோப்பில் வேண்டாம்.

புதுத்தடம்:

எழிலி மேடம், படிப்பு பற்றிக் கேட்கணும். ஓராண்டு டிப்ளமோவில் 20 பேரைச் சேர்க்கலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் சொல்கிறது. கல்விக் கட்டணத்தில் செலவு ஈடாகும் என்கிறார்கள்.

எழிலி:

கட்டணம் ஈடாகும். மேற்பார்வை, அதாவது அனுபவமுள்ள தெரபிஸ்ட் மாணவரின் சிகிச்சை வேலையைப் பார்த்து வழிநடத்துவது, ஈடாகாது. புதிய நாட்டில் பஞ்சம் நடனக்காரர்களுக்கோ மாணவர்களுக்கோ அல்ல, சூப்பர்வைசர்களுக்குத்தான். எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

போட்டுப் பாருங்கள். அமெரிக்கச் சங்கம் அங்கீகரிக்கும் முதுநிலைப் படிப்புகளில் இன்டர்ன்ஷிப் மட்டுமே குறைந்தது 700 மணி நேரம். 20 பேருக்கு 14,000 மணி நேரம். ஒரு மாணவர் வாரம் இரண்டு நாள், நாளுக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரம் போனால் 560 மணி நேரம்தான் ஆகிறது. அதாவது ஓராண்டில் முடியவே முடியாது, ஒன்றேகால் ஆண்டு வேண்டும். 20 பேருக்கு 20 இடம் எங்கே இருக்கிறது? ஒரு வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு மாணவருக்கு மேல் விட்டால் நோயாளிகளைவிடக் கற்றுக்கொள்பவர் கூட்டமே அதிகமாகிவிடும்.

மேற்பார்வை: ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் தனியாக, அதோடு இரு வாரத்துக்கு ஒருமுறை குழுவாக. வேலையும் பார்த்துக்கொண்டு மேற்பார்வையும் செய்பவரால் நான்கு பேரைத் தாங்க முடியும், ஐந்தாவது ஆள் வந்தால் தரம் இறங்கும். உங்களிடம் மூன்று பேர். ஒருவர் படிப்பை நிர்வகிக்க வேண்டும். மிச்சம் இருவர், ஆக 8 மாணவர். 20 அல்ல, 8. அதுவும் ஒன்றுவிட்டு ஓராண்டுதான் சேர்க்கை. முதல் எட்டுப் பேர் முடித்து, இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்து, அவர்களில் நாலு பேராவது சூப்பர்வைசராகும்வரை எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. பல்கலைக்கழகத்துக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

யாரைச் சேர்ப்பது என்பதில் நான் கொஞ்சம் கறார். முதல் தொகுதிக்கு, ஏற்கெனவே மனநலத் துறையில் பட்டம் பெற்று (உளவியல், சமூகப்பணி, தொழில்வழி சிகிச்சை எனும் ஆக்குபேஷனல் தெரபி, மனநல நர்சிங்) ஏதோ ஒரு நடன வடிவத்தில் பல வருடம் உடலைப் பழக்கியவர்களை எடுங்கள். அவர்களுக்கு வேலைப் பெயரும் சம்பளப் படியும் ஏற்கெனவே இருக்கிறது. டி.எம்.டி.க்கென்று பணியிடம் வரும்வரை பட்டினி கிடக்க மாட்டார்கள். நடனம் மட்டும் தெரிந்தவர்களை முதல் தொகுதியில் எடுத்தால், முடித்த கையோடு வேலை இல்லாமல் வார இறுதிப் பட்டறை நடத்தப் போய்விடுவார்கள். அங்கிருந்துதான் அடுத்த தலைவலி.

கால்தாளம்:

இது நடனக் கலைஞர்களைக் கீழே தள்ளும் பேச்சாகத் தெரிகிறது. சேஸ் நடனக் கலைஞர். ட்ரூடி ஷூப் மேடைக் கலைஞர். மேரி வைட்ஹவுஸும் நடனத்திலிருந்து வந்தவர்தான். இந்தத் துறையை உண்டாக்கியவர்களுக்கு உங்கள் படிப்பில் இடம் கிடைத்திருக்காது போல.

எழிலி:

நியாயமான கேள்வி. முதல் தொகுதிக்கு மட்டும்தான் அந்த நிபந்தனை. இரண்டாவது தொகுதியிலிருந்து நடனப் பட்டதாரிகளுக்கு ஓராண்டு முன்தயாரிப்பு வையுங்கள்: வளர்ச்சி உளவியல், மனநோய் அறிகுறியியல், உடற்கூறு, 100 மணி நேரமாவது வார்டில் உதவியாளராக. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். உளவியலாளருக்கு 30 மணி நேர நடன வகுப்பு கொடுத்து அசைவைக் கையாளத் தெரியும் என்று சான்றிதழ் கொடுக்க முடியாது. அவர் வட்டத்தில் நின்று எல்லோருடைய அசைவையும் வாயால் விளக்கிக்கொண்டே இருப்பார், தன் உடல் நகராது. இதைத் திருத்துவது உளவியல் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம்.

சட்டமணி:

வார இறுதிப் பட்டறை என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். ஐந்து நாள் பயிற்சி, தங்க எழுத்தில் சான்றிதழ், பெயருக்குப் பின்னால் "தெரபிஸ்ட்". புதிய நாட்டில் இது உங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும். திட்டுவதால் போகாது. இரண்டு காரியம் செய்யலாம்.

ஒன்று, நீங்களே நடத்தும் எந்த அறிமுகப் பயிற்சியிலும் சான்றிதழின் முன்பக்கத்திலேயே, தலைப்புக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் "இது சிகிச்சை அளிக்கும் தகுதி அல்ல" என்று அச்சிடுங்கள். பின்பக்கம் போட்டால் சட்டகத்துக்குள் மறைந்துவிடும்.

இரண்டு, சிகிச்சை செய்ய விரும்பாத, ஆனால் மக்களோடு ஆட விரும்புகிறவர்களுக்கு மரியாதையான தனிப் பாதை ஒன்று கொடுங்கள். பார்க்கின்சன் உள்ளவர்களுக்காக மார்க் மோரிஸ் நடனக் குழு புரூக்ளினில் 2001இல் தொடங்கிய வகுப்புகள் இதற்கு நல்ல உதாரணம். நடன வகுப்பு என்றே அதை நடத்துகிறார்கள், தெரபி என்று சொல்லிக்கொள்வதில்லை. அதனால் அதன் மதிப்பு குறையவும் இல்லை. சிகிச்சை என்றால் பரிந்துரை, ஒப்புதல், இலக்கு, கோப்பு, மேற்பார்வை ஐந்தும் இருக்கும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அது நலவாழ்வு நடனம். இந்தக் கோட்டைச் சங்க விதியில் ஒரே பத்தியில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

சங்கத்தை எப்போது தொடங்குவது என்று கேட்டால், வேலையில் இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் ஆனதும். அப்போதும் முதலில் எழுத வேண்டியது பதவிகள் அல்ல, நெறிமுறையும் புகார் விசாரணையும். சின்ன நாட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். புகார் கொடுத்தவர் ஒருவரின் மாணவி, புகாருக்கு ஆளானவர் இன்னொருவரின் சூப்பர்வைசர், விசாரிப்பவர் இருவருக்கும் நண்பர். அதனால் மூவர் விசாரணைக் குழுவில் இருவராவது வெளியாட்கள்: ஒரு மருத்துவ உளவியலாளர் அல்லது நர்சிங் நெறிமுறைக்காரர், இன்னொருவர் வேறு நாட்டு டி.எம்.டி. சங்கத்திலிருந்து. ஐரோப்பாவில் தேசியச் சங்கங்களைச் சேர்த்து 2010இல் உருவான ஐரோப்பிய டான்ஸ் மூவ்மென்ட் தெரபி சங்கம் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பக்கத்திலும் சங்கம் உண்டு. எழுதிக் கேட்பதில் தவறில்லை.

இரட்டை உறவு பற்றி வெளிப்படையாக ஒரு விதி வேண்டும். நடனப் பள்ளி நடத்துபவர் தன் மாணவரைத் தெரபிக்கு எடுக்கக் கூடாது. தொடுதல் பற்றி இன்னொன்று: முன்கூட்டியே வாய்மொழி ஒப்புதல், ஒவ்வொரு அமர்விலும் புதிதாக, மறுத்தால் காரணம் கேட்கக் கூடாது, தொட்டது கோப்பில் பதிவாக வேண்டும்.

புதுத்தடம்:

சட்டமணி சார், ஏற்கெனவே பத்துப் பதினைந்து வருடமாக இதே மாதிரி வேலையை வேறு பெயரில் செய்துகொண்டிருப்பவர்கள் சிலர் உண்டு. முதுநிலை கிடையாது. அவர்களைச் சங்கத்தின் தெரபிஸ்ட் பதிவேட்டில் எடுப்பதா, வேண்டாமா?

சட்டமணி:

எடுக்கணும், ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்து. முன்னவர் சலுகை (ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களை முதுநிலை இல்லாமலே சேர்க்கும் விதிவிலக்கு) இல்லாமல் பதிவேடு திறந்தால் அவர்கள் போட்டிச் சங்கம் தொடங்குவார்கள். அமைச்சகம் இரண்டு சங்கத்தையும் பார்த்துவிட்டு "முதலில் நீங்க பேசித் தீர்த்துக்கிட்டு வாங்க" என்று கோப்பை மூடிவிடும். மறுபக்கம், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் மூன்று வருடத்தில் அவர்களே தேர்வுக் குழுவில் உட்கார்ந்து அடுத்தவருக்குத் தகுதி வழங்குவார்கள்.

இரண்டு ஆண்டு மட்டும், ஒரே ஒரு முறை. முடியும் தேதி முதல் விதிப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும், செயற்குழுவுக்கு நீட்டிக்கும் அதிகாரமே இருக்கக் கூடாது. கேட்பவை: வேலை பார்த்த நிறுவனத்தின் கடிதம், பெயர் நீக்கிய மூன்று கேஸ் குறிப்புகள், நேரில் பார்த்து மதிப்பிடும் ஓர் அமர்வு, அதன் பிறகு ஓராண்டு மேற்பார்வை. இந்த நான்காவதைக் கேட்டதும் பாதிப் பேர் தாமாகவே விலகிவிடுவார்கள். மிஞ்சுபவர்களை நம்பலாம்.

சந்தேகப்பிராணி:

அமைச்சக மனு?

சட்டமணி:

கடைசியில். சட்டத்துக்காகக் காத்திருந்து தொழில் நடத்த முடியாது. பிரிட்டனில் ஓவியம், இசை, நாடகம் மூன்றிலும் சிகிச்சையாளர் பட்டம் சட்டப் பாதுகாப்புள்ளது, அரசுப் பதிவு கட்டாயம். நடனத்துக்கான சங்கம் 1982இலிருந்து இருந்தும் நடனம் அந்தப் பதிவேட்டில் இல்லை. அவர்கள் உளசிகிச்சையாளர் கூட்டமைப்பின் வழியாகத் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்காக அரசாங்கப் பக்கமே போகாதே என்றும் சொல்லவில்லை. சட்டத்துக்கு முன்பே செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாடு 2008 பதிப்பில் 2269 என்ற குறியீடு, வேறெங்கும் வகைப்படுத்தப்படாத சுகாதார வல்லுநர்களுக்கானது. டான்ஸ் மூவ்மென்ட் தெரபிஸ்ட் அதில் உதாரணமாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது, தொழில்வழி சிகிச்சையாளரோடு. உங்கள் நாட்டு வகைப்பாடு அதைத் தழுவியதாக இருந்தால் புள்ளியியல் துறையில் தொழிலுக்குக் குறியீடு ஏற்கெனவே உண்டு. பணியிடம் கேட்கும் கடிதத்தில் அந்த எண்ணைப் போடுங்கள், சம்பளப் படியைத் தொழில்வழி சிகிச்சையாளரோடு ஒப்பிடுங்கள். மனிதவளத் துறைக்குத் தத்துவம் வேண்டாம், எண் வேண்டும்.

சட்டம் கேட்கும் நாள் வந்தால் தனியாகப் போகாதீர்கள். எட்டுப் பேருக்கு எந்த நாடாளுமன்றமும் சட்டம் போடாது. நியூயார்க் மாநிலத்தில் படைப்புக்கலை சிகிச்சையாளர் என்ற ஒரே உரிமத்தின் கீழ் ஓவியம், இசை, நாடகம், நடனம் எல்லாம் வருகின்றன. லாட்வியாவிலும் கலை சிகிச்சை ஒரே தொழில், நடனமும் அசைவும் அதில் ஒரு சிறப்புப் பிரிவு.

எழிலி:

இதில் நான் உடன்படவில்லை. கூட்டுப் பெயரில் போனால் பாடத்திட்டமும் கூட்டாகிவிடும். பொதுப் பாடம் முக்கால்வாசி, அசைவுக்கு மிச்சம் இருப்பது. அந்த மிச்சத்தில் ஒருவர் எப்படித் தன் உடலைக் கருவியாகப் பழக்குவார்? ஆஸ்திரியாவில் இசை சிகிச்சைக்காரர்கள் தனியாகவே நின்று 2008இல் தங்களுக்கென்று சட்டம் வாங்கினார்கள்.

சட்டமணி:

அவர்களுக்குப் பின்னால் பல பத்தாண்டுப் பயிற்சி மரபு இருந்தது. இங்கே மூன்று பேர். கூட்டாகச் சட்டம், தனியாகப் பாடத்திட்டம் என்று எழுதிக்கொள்ளலாம். உரிமத்தின் பின்னிணைப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தபட்ச மணி நேரத்தைத் தனித்தனியாகக் குறித்தால் நீங்கள் பயப்படுவது நடக்காது.

எழிலி:

பின்னிணைப்பைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

புதுத்தடம்:

அந்தச் சண்டைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். உடனடிச் சிக்கல் ஒன்று. இங்கே இருக்கிற மூவருக்குமே மேற்பார்வை செய்ய ஆள் இல்லை. தாங்கள் படித்த நாட்டு சூப்பர்வைசரிடம் ஆன்லைனில் தொடரலாம் என்றிருக்கிறார்கள். வீடியோ அனுப்பச் சொல்கிறார்.

வார்டு_நாற்காலி:

தொடரலாம், ஆனால் அவர் மருத்துவப் பொறுப்பு ஏற்க முடியாது என்பதை எழுதி வாங்கிக்குங்க. நோயாளி தற்கொலை எண்ணம் சொன்னால் வேறு கண்டத்தில் தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பி என்ன பயன்? அதற்கு வார்டில் இருக்கும் டாக்டர் அல்லது மூத்த உளவியலாளர் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டிருக்கணும். அசைவுக்கு அவர், ஆபத்துக்கு இவர்.

வீடியோ விஷயம்: நோயாளியின் எழுத்து ஒப்புதல் சிகிச்சைக்கானதிலிருந்து தனித் தாளில். மறுத்தாலும் குழுவில் இடம் உண்டு என்று அதிலேயே இருக்கட்டும். ஒப்புதல் தரும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பதை டாக்டர் உறுதி செய்யணும். குழுவில் ஒருவர் மறுத்தாலும் அந்தக் குழுவைப் படம் எடுக்க முடியாது. கேமராவைத் திருப்பி அவரை மட்டும் தவிர்க்கலாம் என்பது வட்டத்தில் நடக்காத காரியம். மருத்துவமனைக் கருவியில் மட்டும் பதிவு, சொந்த போனில் கூடாது. கோப்பாக அனுப்பாதீங்க. மேற்பார்வை அழைப்பிலேயே திரையில் ஓட்டிக் காட்டி, 14 நாளுக்குள் அழித்து, அழித்த தேதியைப் பதிவேட்டில் எழுதுங்க.

மொழியும் இடிக்கும். பேச்சு அவருக்குப் புரியாது, மொழிபெயர்த்துச் சொல்லும்போதே நீங்கள் ஒரு விளக்கத்தைக் கலந்துவிடுவீங்க. அதனால் முதல் ஐந்து நிமிடம் ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்க. அவர் பார்த்ததைச் சொல்லட்டும், பிறகு நீங்கள் பேச்சைச் சொல்லுங்க.

புதுத்தடம்:

குழுவில் யாரும் வீடியோவுக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால்?

எழிலி:

அமர்வு முடிந்த பத்து நிமிடத்துக்குள் தெரபிஸ்ட் தன்னை மட்டும் பதிவு செய்யலாம். ஒவ்வொரு நோயாளியின் அசைவையும் தன் உடலில் அரை நிமிடம் எடுத்துக்காட்டி, பெயர் சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று. நினைவிலிருந்து ஆடுவதால் துல்லியம் குறையும். ஆனால் யாருடைய அசைவு உடலுக்குள் வரவே மறுக்கிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும். அடுத்த மேற்பார்வையில் அந்த ஆளிலிருந்து தொடங்கலாம். இந்தப் பதிவையும் 14 நாளில் அழித்துவிடுங்கள்.